தன் கல்லறைக்கு வெள்ளையடித்தவன்

உயிரோடு இருக்கும்போதே தன் கல்லறைக்குத் தானே வெள்ளையடிக்கிற பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ராயபுரத்தில் அது, துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் இயந்திரம் ஓட்டுகிற வின்ச்மேன் ஸ்டானிஸ்லாசுக்கு வாய்த்தது. வருஷா வருஷம் நவம்பர் பிறந்ததும் ஒரு டப்பாவில் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவான். மழையில் முளைத்த புல்லைப் பிடுங்குவான், மேடையைக் கழுவுவான், வெள்ளையடிப்பான். சிமெண்டுச் சிலுவையில் கறுப்புப் பெயின்டில் அம்புரோஸ் என்று எழுதியிருக்கும். அந்த அம்புரோஸ் அவன்தான். உள்ளே படுத்திருந்தவன்தான் ஸ்டானிஸ்லாஸ்.

இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. வயிற்றுப் பாட்டுக்காக ஒரு தாய் சொன்ன பொய், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பொய் பதிமூன்று வருஷம் சோறு தின்று வளர்ந்தது.

அண்ணன் தம்பி இருவரும் பழவேற்காட்டுக்காரர்கள். அப்பன் ஏரியில் வலை போட்டவன். அவன் போன பிறகு அம்மா ஞானம் கருவாட்டுக் கூடை சுமந்து இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். மூத்தவன் ஸ்டானிஸ்லாஸ் பட்டணத்துக்கு வந்து, துறைமுகத்தில் நாள்கூலியாக மூட்டை தூக்கி, நாயாய் அலைந்து, கடைசியில் நிரந்தர நம்பர் வாங்கினான். நம்பர் இல்லாதவன் தினமும் காலையில் கேட்டில் நின்று, "என்னை எடுத்துக்கோ நைனா" என்று கெஞ்ச வேண்டும். நம்பர் உள்ளவனை உள்ளேயிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். துறைமுகத்தில் ராஜாவுக்கும் பிச்சைக்காரனுக்கும் அதுதான் வித்தியாசம். நம்பர் கிடைத்த சந்தோஷத்தில் தம்பி அம்புரோசை ஊரிலிருந்து வரவழைத்தான் ஸ்டானிஸ்லாஸ். தம்பி வந்த சில நாளில் அண்ணனுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. நம்பரோடு சேர்த்துக்கொண்ட கூலிக் குழுவில், கேங்கில், அவன் இன்னும் ஒருநாள்கூட வேலைக்கு இறங்கவில்லை. தகவல் போய் ஞானம் வந்து சேர்ந்த மத்தியானமே அவன் கண்ணை மூடிவிட்டான். அது 1961.

ஞானம் அழவில்லை. மூத்தவன் முகத்தையும், மூலையில் விறைத்து நின்ற சின்னவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கேங் மேஸ்திரி ராசையா பக்கத்துச் சந்தில்தான் குடியிருந்தார். விஷயம் கேள்விப்பட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஞானம் சொன்னாள்:

"போனது சின்னவன்பா. அம்புரோசு."

ராசையாவுக்கு முகம் தெரியாதா? ஸ்டானிஸ்லாசுக்கு நம்பர் வாங்கிக் கொடுக்க அலைந்தவரே அவர்தான். பாயில் கிடந்தவனைப் பார்த்தார். நின்றவனைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே அச்சாத்தான் கீது," என்றார் கடைசியில். "ஆபீசுல மூஞ்சிய எவன் பாக்குறான், நம்பரைத்தான் பாக்குறான். ஆனா ஒண்ணும்மா. இன்னிக்கு சொன்னத நாளைக்கு மாத்தப்படாது. மாத்தினா நானும் சேந்து உள்ள போவணும்."

"மாத்தமாட்டேன்," என்றாள் ஞானம்.

சின்னவனை ஒருத்தரும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் கோயில் மணி அவன் பெயருக்குத்தான் அடித்தது. உபதேசியார் அம்புரோஸ் என்கிற ஆத்துமாவுக்காக என்று ஜெபத்தைத் தொடங்க, அவனும் கூட்டத்தோடு முழங்காலிட்டு, தன் ஆத்துமா இளைப்பாறத் தானே பதில் ஜெபம் சொன்னான். குழியில் மண் விழும்போது ஞானத்துக்கு அழுகை வந்தது. "அம்புரோசு, அம்புரோசு" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அம்புரோஸ் பக்கத்தில் நின்று அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

அண்ணன் வாய்த்துடுக்குக்காரன். நாலு பேர் நடுவில் கெட்ட வார்த்தை பேசிச் சிரிக்க வைப்பான், பீடி குடிப்பான், மீன் குழம்பில் தலை கிடைத்தால் உலகத்தையே மறப்பான். தம்பி நேர்மாறு. சங்கோஜி. பழவேற்காட்டுக் கோயிலில் பாட்டுப் பாடுகிறவன். மீன் தலையின் கண்ணைப் பார்த்தாலே குமட்டும் அவனுக்கு. துறைமுகத்துக்குள் நுழைந்த நாளிலிருந்து அவன் பீடி பழகினான், ஏசப் பழகினான். வீட்டில் ஒருநாள் ஏதோ ஒரு மாதா பாட்டை முணுமுணுத்தபோது ஞானம் அடுப்படியிலிருந்து, "ஸ்டானி பாடமாட்டான்டா," என்றாள். அதோடு பாட்டும் நின்றது. குழம்பில் தலை அவன் தட்டுக்குத்தான் வரும். "உனுக்குப் புடிக்குமே ஸ்டானி," என்று பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தின்று முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். முதலில் அக்கம்பக்கத்துக்காகப் போட்ட வேஷம் என்றுதான் அவன் நினைத்தான். ஆனால் கதவைச் சாத்தின பிறகும், இரண்டு பேர் மட்டும் இருக்கும்போதும், அவள் ஸ்டானி என்றே கூப்பிட்டாள். பெற்றவளுக்கு அது வேஷம் என்பது எப்போது மறந்துபோனது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தபோது காலம் கடந்திருந்தது.

மூன்று வருஷம் கழித்து, ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவரின் மகள் ஹில்டாவைக் கட்டிவைத்தார்கள். கோயிலில் மூன்று ஞாயிறு கலியாண ஓலை வாசித்தார்கள். இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்டார். அறிந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் கோயிலுக்குள்தான் இருந்தார்கள்; மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா, மேஸ்திரி. ஒருவர்கூட இருமவில்லை. ஹில்டாவுக்கு ஒன்றும் தெரியாது. எல்சி பிறந்தாள். எல்சிக்கும் ஒன்றும் தெரியாது.

அம்புரோசுக்கு வேலை போய்விடும் என்ற பயம் மட்டும் இருந்திருந்தால் சமாளித்திருப்பான். அவனைத் தின்றது வேறு பயம். செத்த பிறகு பாவக்கடன் தீர்க்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் தவிக்கிற ஆத்துமாவுக்கு, உயிரோடிருக்கிறவர்கள் பேர் சொல்லி வைக்கிற பூசையும் ஜெபமும்தான் குடிக்கிற தண்ணீர். ஸ்டானிஸ்லாஸ் என்ற பேருக்கு இதுவரை ஒரு பூசை இல்லை, ஒரு மெழுகுவத்தி இல்லை. அத்தனையும் அம்புரோசுக்குப் போனது. அந்த அம்புரோசோ உயிரோடு, தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, கல்லறைக்கு வெளியே நின்றான். கடவுளுக்கு ஆள் தெரியாதா என்று படித்தவர்கள் கேட்பார்கள். ராயபுரத்தில் அப்படிக் கேட்கமாட்டார்கள். பேர் சொல்லாத பூசை, விலாசம் எழுதாத தபால்.

அதனால் அண்ணன் தண்ணீர் கேட்டு வருவான் என்று அவன் எதிர்பார்த்தான். வந்துவிட்டதாகவும் நம்பினான். முதலில் வின்ச்சில் உட்கார்ந்திருக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. பிறகு கிணற்றடியில். பிறகு சாப்பிடும்போது. பேசாது, தொடாது, சும்மா நிற்கும். அவன் திரும்பிப் பார்ப்பதில்லை.

1974 கோடையில் ஒரு கப்பலுக்குத் தோல் கட்டுகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வின்ச்மேனுக்குக் கப்பலின் அடித்தளம் கண்ணுக்குத் தெரியாது. அடித்தளத்தின் வாய் ஓரத்தில் நின்று ராமதாஸ் குரல் கொடுப்பான். "ஆரியா" என்றால் இறக்க வேண்டும், "நில்லு" என்றால் நிறுத்த வேண்டும். வின்ச்மேனின் கண்ணே அந்தக் குரல்தான். கட்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது, உள்ளே அடுக்கிக்கொண்டிருந்த ரஷீதின் கால் இரண்டு கட்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது.

"ஸ்டானி, நில்லு!" என்று ராமதாஸ் கத்தினான். கட்டு இறங்கிக்கொண்டே இருந்தது. "ஸ்டானி! டேய் ஸ்டானி!"

வின்ச்சில் இருந்தவன் கழுத்தைத் திருப்பி, யாரையோ தேடுகிற மாதிரி பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். ராமதாஸ் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து அவன் முகத்தில் வீசியடித்த பிறகுதான் கை பிரேக்குக்குப் போனது. கட்டு ரஷீதின் நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே நின்று ஆடியது.

ரஷீது தண்டையார்பேட்டைக்காரன், கேங்கில் அம்புரோசுக்கு இருந்த ஒரே தோஸ்து. மேலே ஏறி வந்தவன் அடிப்பான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் அடிக்கவில்லை. எதிரே குந்தி உட்கார்ந்தான்.

"இன்னா மாமு, செவுடா பூட்டியா?"

"கேட்டுச்சு."

"கேட்டுச்சா? அப்பால?"

"வேற யாரையோ கூப்புடறாங்கன்னு நெனச்சேன்."

ரஷீது வின்ச்சைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். "வின்ச்சாண்ட உன்னை வுட்டா வேற எவன் கீறான் ஸ்டானின்னு?" என்றான். சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது. "இத பாரு. தர்காவுக்கு வா, மந்திரிச்சுக்கலாம். இல்லாங்காட்டி உங்க கோயில்ல புச்சா ஒரு சாமி வந்துகீறாராமே, மன்சு டாக்டரு, அவுராண்ட போ. அடுத்த தபா கட்டு நிக்காது மாமு. எனுக்குப் புள்ளைங்க கீது."

மனசு டாக்டர் என்று ரஷீது சொன்னது செல்வநாதன் சாமியை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், முப்பது வயசுகூட நிரம்பாதவர். வெளிநாட்டில் மனோதத்துவம் படித்தவர் என்று கோயில் பங்கு மக்கள் எல்லோருக்கும் பெருமை. அது என்ன படிப்பு என்று ஒருத்தருக்கும் தெரியாது. பேய் ஓட்டுகிற படிப்பு என்று நினைத்து, வந்த முதல் வாரமே இரண்டு பெண்களை முடியைப் பிடித்து இழுத்து வந்து அவர் முன்னால் நிறுத்தினார்கள். அவர் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஞாயிறு மத்தியானம் கோயில் பள்ளிக்கூடத்தில் ஆண்களை உட்காரவைத்து மௌன தியானம் நடத்துவார். வெயிலுக்கு நல்ல நிழல் என்று பத்துப் பேர் வருவார்கள், எட்டுப் பேர் தூங்குவார்கள்.

அம்புரோசும் போய் உட்கார்ந்தான்.

"கண்ணை மூடிக்கங்க," என்றார் சாமி. "உலகம் உங்களுக்கு நிறையப் பேர் வச்சிருக்கு. மேஸ்திரி, மாப்பிள்ளை, அப்பா. வேலைக்குப் போட்ட சட்டையைக் கழட்டற மாதிரி ஒவ்வொண்ணா கழட்டி வையுங்க. எல்லாம் கழட்டின பிறகும் உள்ளே ஒருத்தன் மிச்சம் இருப்பான். ஆண்டவர் கூப்பிடறது அவனைத்தான். அவன் வர்றானான்னு சும்மா பாருங்க."

மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். அம்புரோஸ் மட்டும் சொன்னதைச் சொன்னபடி செய்தான். வின்ச்மேனைக் கழற்றினான். எல்சியின் அப்பனை, ஹில்டாவின் புருஷனைக் கழற்றினான். கடைசியாக, ஞானத்தின் மூத்த மகனைக் கழற்றினான். அதற்குமேல் அங்கே ஒன்றும் இல்லை. வெறும் இருட்டு. அந்த இருட்டில், எப்போதும் முதுகுக்குப் பின்னால் நிற்பது மெதுவாக நடந்து முன்னால் வரத் தொடங்கியது. அவன் அலறிக்கொண்டு எழுந்ததில் பெஞ்சே கவிழ்ந்தது. தூங்கினவர்கள் எல்லாம் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே ஓடினார்கள். சாமியின் முகமும் வெளுத்துப்போயிருந்தது. அவர் படித்த படிப்பில் இது வரவில்லை போலிருக்கிறது.

ஆனாலும் அவர் நல்ல மனுஷர், விட்டுவிடவில்லை. அடுத்த வாரம் ஆளனுப்பி வரவழைத்து, தனியாக உட்காரவைத்து, "பாவசங்கீர்த்தனமா சொல்லுங்க. உங்க வாய்ல இருந்து வர்றது என்னோட மண்ணுக்குப் போகும்," என்றார். அம்புரோஸ் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்து, "பின்னால வந்து நிக்கறது எங்கண்ணன்தான் சாமி. பேரைத் திருப்பிக் கேக்குறான்," என்றான்.

சாமி நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "அண்ணன் பேர்ல பூசை வைக்கறது என் பொறுப்பு. அவரைப்பத்திப் பயப்படாதீங்க," என்றார். "நான் கேக்கறது இன்னொருத்தனை. பழவேற்காட்டுக் கோயில்ல பாட்டுப் பாடின பையன் எங்க போனான்?"

"அவன் போய்ட்டான் சாமி."

"எங்க போனான்? அவனை யாரும் அடக்கம் பண்ணலையே. பேரைத்தானே புதைச்சீங்க." என்றார் சாமி. "ஆண்டவர்கிட்ட போனவங்களுக்கு நம்ம முதுகுக்குப் பின்னால நிக்கற வேலை இல்லை. அங்கே நிக்கறது உங்க அண்ணன் இல்லை. அம்புரோஸ். பதிமூணு வருஷமா நிக்கறான், நீங்க திரும்பிப் பாக்கமாட்டேங்கறீங்க. அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

அவன் இரண்டு முறை வாயைத் திறந்து மூடினான். பிறகு, யாருக்கோ கேட்டுவிடப் போகிறது என்கிற பயத்தோடு, "அம்புரோசு," என்றான். அழுதான். அண்ணன் செத்தபோதுகூட அப்படி அழ அவனுக்கு யாரும் இடம் கொடுத்ததில்லை.

"இப்ப இன்னா சாமி பண்றது?" என்றான்.

"வேலையை விடுங்க, பொண்டாட்டிகிட்ட சொல்லுங்கன்னு நான் சொல்லிடலாம். நான் திங்கற சோறு போகாதே, உங்க சோறுதானே போகும்," என்றார் சாமி. "ஆனா இப்படியே அந்த வின்ச்சில மட்டும் உட்காராதீங்க. ஒரு உசிரு போயிடும்."

உட்காராமல் எப்படி? மறுநாளும் உட்கார்ந்தான். ராமதாஸ் குரல் கொடுக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, ஸ்டானி நான்தான், ஸ்டானி நான்தான் என்று சொல்லிக்கொண்டே இறக்கினான். கீழே ரஷீது இறங்குகிற கட்டின்மேல் கண் வைத்தபடி வேலை செய்தான்.

ராயபுரத்தில் ஒருவன் தும்மினால் அடுத்த தெருவில் மருந்து சொல்வார்கள். அவன் சாமியாரிடம் போய்வருவது ராசையாவுக்குத் தெரிய எத்தனை நேரம் ஆகும்? டீக்கடையில் அவனை ஓரங்கட்டினார். கிழவருக்கு ஓய்வு நெருங்கிவிட்டது. தலைமயிர் நரைத்திருந்ததே தவிர பிடி தளரவில்லை.

"சாமியாராண்ட இன்னா ஓதிகினு கீறே?"

"ஒண்ணுமில்ல மேஸ்திரி."

"ஒண்ணுமில்லாமயே இருக்கட்டும். வாயத் தொறந்தே, உன் சோறு பூடும், என் பென்சன் பூடும். அது கூடப் பரவால்ல." குரலைத் தாழ்த்தினார். "தாலி கட்னவன் எவன்டான்னு உன் பொண்டாட்டி கேப்பா. அதுக்கு வச்சிகினு கீறியா பதிலு?"

அவன் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு நடந்தான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், ஹில்டாவும் எல்சியும் ரேஷன் கடைக்குப் போயிருந்தார்கள். ஞானம் குழம்பு கொதிக்கவிட்டு அடுப்பின் முன்னால் இருந்தாள். அவன் போய் எதிரே குந்தினான். வெளியில் சொல்வதற்கு முன்னால், உண்மை தெரிந்த ஒருத்தியிடமாவது அதைப் பேசிவிட வேண்டும் என்கிற தவிப்பு அவனுக்கு.

"அம்மா, இங்க பாரு. நான் யாரு?"

"இன்னாடா கேள்வி இது, ஸ்டானி."

"யாருமில்ல வூட்ல. சொல்லு. நான் அம்புரோசுதானே?"

ஞானம் கரண்டியை வைத்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இல்லை, பாசாங்கு இல்லை.

"செத்த புள்ள பேரை விளக்கு வைக்கற நேரத்துல எடுக்காதே," என்றாள். "அவன் பாவம். பயந்தாங்கொள்ளி. உன் கையில மண்ணு வாங்கிகினு போனவன். அவனை ஏன் இப்பக் கூப்புடறே?"

பிறகு குழம்பில் கரண்டியை விட்டு மீன் தலையைத் தேடி எடுத்து அவன் தட்டில் வைத்தாள். அவன் தின்றான். தின்றுகொண்டே அழுதான். காரம் அதிகமாகிவிட்டதா என்று கேட்டாள் அவள்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளன்று மழை விட்டிருந்தது. காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் சாமந்தியும் மெழுகும் சேற்றுக்குள் மணத்தன. அங்கே ஒரு வழக்கம். சாமியார் தீர்த்தச் செம்போடு வரிசை வரிசையாக வருவார். ஒவ்வொரு கல்லறையிலும் அந்தக் குடும்பம் இறந்தவர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். அவர் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்து மந்திரிப்பார். அன்று அவர்கள் வரிசைக்கு வந்தவர் செல்வநாதன் சாமி. நாலு கல்லறை தள்ளி ராசையா, தன் மனைவியின் கல்லறைக்கு மாலை போட்டபடி, இந்தப் பக்கமே கண்ணாக நின்றார். கேங் ஆட்கள் சிலரும் அங்கங்கே நின்றார்கள்.

எல்சி மெழுகுவத்தி காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு, "ஆயா, அம்புரோசு சித்தப்பா எப்பிடி இருப்பாரு?" என்று ஞானத்தைக் கேட்டாள்.

"நல்லாப் பாடுவான்," என்றாள் ஞானம். "மீன் தலைன்னா ஆவாது. யாரையும் அதிர்ந்து பேசமாட்டான். தங்கமான புள்ள."

"உங்கப்பாவுக்கு அப்பிடியே ஆப்போசிட்டு," என்று ஹில்டா சிரித்தாள்.

"நான் பாத்ததே இல்லியே," என்று எல்சி வருத்தப்பட்டாள்.

அவன் காதில் இத்தனையும் விழுந்தது. பெற்ற மகள் தன்னைப் பார்த்ததே இல்லை என்று தன் எதிரிலேயே சொல்கிறாள். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

சாமி வந்து நின்றார். அவனைப் பார்த்ததும் தீர்த்தம் தெளிக்கிற கை அந்தரத்தில் நின்றது. அவர் பேரைக் கேட்கவில்லை. கேட்க முடியவில்லை.

"அம்புரோசு," என்றாள் ஞானம்.

"இல்ல," என்றான் அவன். "ஸ்டானிஸ்லாஸ்."

ஹில்டா பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். உயிரோடு இருப்பவன் பேரைக் கல்லறையில் சொன்னால் மண் அவனைக் கேட்கும் என்பார்கள். "இன்னாய்யா பேச்சு இது, வாயைக் கழுவு! நல்லா கல்லு மாதிரி நின்னுகினு!"

அவன் அவள் கையை மெதுவாக விலக்கினான். "உள்ள கீறது எங்கண்ணன் ஸ்டானிஸ்லாசு, ஹில்டா. நான் அம்புரோசு. நம்பருக்காக மாத்திச் சொன்னோம்."

ராசையா மாலையைக் கீழே போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டைப் பார்க்க நடந்தார். ஞானம் மகன் முகத்தையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கண்ணில் ஏதோ ஒன்று அறுந்து விழுந்தது. மேடையில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"பெரியவனே," என்றாள். பிறகு தோட்டமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "என் பெரியவனைக் கொன்னுட்டான்! ஐயோ, உசுரோட இருந்தான், வேலைக்குப் போய்கினு வந்துகினு இருந்தான், கொன்னுட்டானே பாவி!"

அந்த அழுகைக்கு நடுவில்தான் செல்வநாதன் சாமி ஸ்டானிஸ்லாஸ் என்கிற ஆத்துமாவுக்காக ஜெபித்தார். ஊரறிய அந்தப் பேருக்கு அதுதான் முதல் ஜெபம். கேட்டவர்கள் யாரும் பதில் ஜெபம் சொல்லவில்லை. அம்புரோஸ் ஒருவன் மட்டும் சொன்னான்.

அப்புறம் நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். நம்பர் போயிற்று. செத்தவன் பேரில் வின்ச் ஓட்டினவன் என்று கேங்கில் ஒருவனும் அவன் நிழலை மிதிக்கவில்லை. ராசையா தானும் ஏமாந்துவிட்டதாக ஆபீசில் சொல்லி, பென்ஷனைக் காப்பாற்றிக்கொண்டார். அவர் சாமர்த்தியசாலி, நன்றாக இருக்கட்டும். ரஷீது மட்டும் வந்தான். திருவொற்றியூரில் சௌக்கத் அலி என்று அவன் சொந்தக்காரர் மரக்கடை வைத்திருந்தார். அங்கே கூலி வேலைக்குச் சேர்த்துவிட்டான். "அம்புரோசு" என்று அங்கே கூப்பிட்டபோது முதல் சில நாள் அவன் அதற்கும் திரும்பவில்லை. ரஷீது தலையில் அடித்துக்கொண்டு, "எந்தப் பேருக்குத்தான் மாமு நீ வருவே?" என்றான்.

முதுகுக்குப் பின்னால் நின்றது போய்விட்டது. அந்த இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஹில்டா எல்சியை இழுத்துக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போனவள் கிறிஸ்துமசுக்கும் வரவில்லை. பொங்கல் சமயத்தில் மரக்கடை வாசலில் வந்து நின்றாள். முகம் வற்றியிருந்தது.

"இத்தினி வருசத்துல நான் உன்னை ஒரு தபாவாவது பேர் சொல்லிக் கூப்ட்டு கீறனா?" என்று கேட்டாள்.

இல்லைதான். புருஷன் பேரைச் சொல்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் ஏது?

"எல்சிப்பான்னுதானே கூப்ட்டேன். அதுல ஒண்ணும் பொய் இல்ல. மீதிய நீயும் சாமியாரும் தீத்துக்குங்க," என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள். செல்வநாதன் சாமி ஒரு நாள் காலைப் பூசைக்குப் பிறகு சத்தமில்லாமல் இருவரையும் மறுபடி சேர்த்துவைத்தார். இந்த முறை தன் பேரைச் சொல்லி அவன் சம்மதம் சொன்னான்.

ஞானம் மட்டும் மன்னிக்கவில்லை. மூத்தவனுக்காக வெள்ளைச் சேலை கட்டினாள். ராயபுரத்து வீட்டை விட்டு, திருவொற்றியூர்க் குடிசைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வந்த பிறகும், சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஸ்டானிக்காக ஒப்பாரி வைத்தாள். பதிமூன்று வருஷத்து அழுகை பாக்கி இருந்தது அவளுக்கு. அம்புரோஸ் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டாள். அவனை ஹில்டாவிடம், "அந்த ஆளு யாரு?" என்று கேட்பாள். கண்ணுக்கு முன்னால் கரைந்துகொண்டே போனாள். மாசி மாதம் சாமியாரை அழைத்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெய் பூசினார்கள்.

அன்று முற்பகல் அம்புரோஸ் வேலைக்குப் போகவில்லை. பாயோரத்தில் உட்கார்ந்து, ஈரத்துணியால் அவள் உதட்டைத் துடைத்தான். அவள் தட்டிவிடவில்லை. கண்ணைத் திறந்தாள். அவன் நெற்றியை, மூக்கை, வாயை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கன்னத்தில் கை வைத்துத் தடவினாள்.

"அம்புரோசா?"

"ஆமாம்மா."

"இத்தினி வருசமா எங்கடா போயிருந்தே?" என்று கேட்டாள், ஏக்கமும் கோபமுமாக.

அவன் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

"வேலைக்குப் போயிருந்தேம்மா," என்றான்.